கூரையும் கூடமும்



யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சனசமூக நிலையம் ஒன்றில்லாத கிராமத்தைக் காண்பது அரிது. சிறியதொரு கட்டடம், உள்ளே நீண்ட மேசை, மேசைமீது அன்றைய பத்திரிகைகள், இருபுறமும் வாங்குகள். காலையில் முதியோர் அங்கிருந்து பத்திரிகை படிப்பர். மாலையில் இளைஞர் அதன் முன்னுள்ள வெளியிற் பந்தாடுவர். ஊர்க் கூட்டமும் பாலர் வகுப்பும் பெரும்பாலும் அங்கேயே நடைபெறும். அந்நிலையம் யாருடையது என்று வினவினால், "எங்கள் ஊருடையது" என்ற விடையே வரும். அங்கே ஊர் முந்தியது; நிலையம் பிந்தியது. ஊர் தன் தேவைக்காகத் தானே அதனை ஆக்கிக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் பெருநகரங்களில் இதற்கு நேர்மாறான நிலை ஒன்று தோன்றிற்று. அரசாங்கங்களும் நகர சபைகளும் ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே இடத்திற் கட்டின. வெவ்வேறு தெருக்களிலும் சேரிகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் அவ்வீடுகளிற் குடியேற்றப்பட்டன. அங்கே கட்டடம் முந்தியது. ஊர் பிந்தி வரவேண்டியிருந்தது. அது தானாக வருமா? வராதெனின் அதனை வருவிப்பது எவ்வாறு? இந்த வினாவுக்கு விடையாகவே அரசாங்க வீடமைப்புத் தொகுதிகளிற் சமூக மன்றங்கள் எழுந்தன. அம்மன்றங்களின் வரலாற்றையும், அவற்றின் பெறுமதி எதிலே தங்கியிருக்கிறது என்பதையுமே இன்றைய பேச்சில் ஆராய விரும்புகின்றேன்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தை இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிற் காணலாம். அங்குள்ள வைற்சப்பல் என்னும் வறிய பகுதியிற் குருவானவராகப் பணியாற்றிய சாமுவேல் பார்னெற் என்பவரும் அவருடைய மனைவியார் ஹென்றியேற்றாவும் 1884ஆம் ஆண்டிலே ரொயின்பி மண்டபம் என்னும் நிலையத்தை நிறுவினர். ஒக்ஸ்பேட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களிற் கற்ற இளைஞர்கள் அங்கே வந்து தங்கி, ஏழைத் தொழிலாளர் மத்தியில் வாழ்ந்து, வகுப்புகளும் விரிவுரைகளும் நடத்தினர். நோக்கம் உயர்ந்ததே. எனினும் அம்மண்டபம் கற்றோர் மற்றோர்க்கு அளித்த கொடையாகவே இருந்தது. அதனைத் திறந்தவர் ஒருசாரார். அதனுள் நுழைந்தவர் மற்றொரு சாரார்.

முதலாம் உலகப் போர் முடிந்தபின் நிலை மாறிற்று. 1919ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம், அரசாங்கத்தின் பண உதவியுடன் வீடுகள் கட்டும் பொறுப்பைப் பிரித்தானியாவின் உள்ளூர்ச் சபைகளிடம் ஒப்படைத்தது. இலண்டன் கவுண்டி சபை நகருக்கு வெளியே பெருந் தொகுதிகளை அமைக்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று வடமேற்கே ஹென்டன் பகுதியில் எழுந்த வொட்லிங் என்பதாகும். 1927ஆம் ஆண்டிலே முதற் குடும்பங்கள் அங்கு வந்தன. பின்னர் ஏறக்குறைய நாலாயிரம் வீடுகள் அங்கே எழுந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனிக் குளியலறை, சிறு தோட்டம். நெருக்கமான தெருக்களில் ஓரிரு அறைகளில் வாழ்ந்தோர்க்கு இது பெரும் பேறே.

ஆயினும் அப்பேற்றுடன் எதிர்பாராத துன்பமொன்றும் வந்தது. புதிதாகக் குடிவந்த பெண்ணொருத்தி, ஒருநாள் அச்சம் மேலிட்டு அயல் வீட்டுக் கதவைத் தட்டினாள் என்றும், அவளை அஞ்சச் செய்தது அங்கு நிலவிய அமைதியே என்றும் அத்தொகுதியின் வரலாற்றிற் சொல்லப்படுகிறது. சந்தடியின் நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த நிசப்தம் பேரிடர் ஒன்றின் அறிகுறியாகத் தோன்றியது போலும். சூழவிருந்த நடுத்தர வகுப்பினரோ, வந்தவர்களை வரவேற்றாரில்லை. "சின்ன மொஸ்கோ" என்று அத்தொகுதிக்குப் பட்டஞ் சூட்டினர். பாடசாலைகள் போதவில்லை, கடைகள் தொலைவில் இருந்தன.

இக்குறைகளே மக்களை ஒன்றுசேர்த்தன. 1928ஆம் ஆண்டிற் குடியிருப்போர் சங்கமொன்று தோன்றியது. அது தனக்கெனப் பத்திரிகை ஒன்றையும் வெளியிட்டது. தமக்கு ஒரு பொதுக் கூடம் வேண்டுமெனச் சங்கத்தார் இடைவிடாது முயன்றனர். 1933ஆம் ஆண்டிலே வொட்லிங் சமூக மன்றம் வேல்ஸ் இளவரசராலே திறந்துவைக்கப்பட்டது. முயற்சி முற்றுப்பெற்றது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் அத்தொகுதியை நேரில் ஆராய்ந்து 1939ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்ட ரூத் டூரண்ட் என்னும் அம்மையார் வேறொன்றைக் கண்டார். பின்னாளில் ரூத் கிளாஸ் என்ற பெயருடன் புகழ்பெற்ற சமூகவியலறிஞர் அவரே. குறைகள் இருந்தவரை மக்கள் ஒன்றுகூடினர். குறைகள் தீரத் தீர ஒற்றுமையும் தளர்ந்தது. கூடம் வந்தபோது தொடக்ககால ஊக்கம் தணிந்துவிட்டது. குடும்பங்கள் அடிக்கடி வெளியேறின, புதியவை வந்தன. குடியிருந்தோருள் ஒரு சிறு பகுதியினரே மன்றத்தைப் பயன்படுத்தினர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கூடம் கட்டினால் மட்டும் ஊர் உண்டாகிவிடாது என்பது ஒன்று. மக்கள் வந்திறங்கும் நாளிலேயே கூடமும் அங்கிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. அவர்கள் ஒருவரையொருவர் தேடுவது அந்த முதல் ஆண்டுகளிலேதான்.

இரண்டாவது பாடத்தை அக்காலத்திலேயே நன்குணர்ந்த நகரம் ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னா. 1919ஆம் ஆண்டு தொடக்கம் அந்நகரை ஆண்ட சமூக சனநாயகக் கட்சியினர், வசதி படைத்தோரிடம் கூடுதலாக அறவிடப்பட்ட வீட்டு வரியின் துணையுடன் 1934ஆம் ஆண்டுக்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினர். 1930ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் தொகுதி அவற்றுட் பெயர்பெற்றது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட அத்தொகுதியில் 1,382 வீடுகள் இருந்தன. நிலத்தில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவான பகுதியிலேயே கட்டடம் நின்றது. எஞ்சியது முற்றமும் சோலையும். துணி வெளுக்கும் பொதுக் கூடங்கள், குளிப்புக் கூடங்கள், பாலர் பாடசாலைகள், நூல்நிலையம், பற்சிகிச்சை நிலையம் ஆகியன வீடுகளுடன் ஒன்றாகவே அமைந்தன. அங்கே அயலவர் சந்திப்பதற்கெனத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. துணி வெளுக்கச் சென்ற இடத்திற் பெண்கள் பேசிக்கொண்டனர். முற்றத்திற் பிள்ளைகள் ஒன்றாக விளையாடினர்.

ஆனால் அந்த வாழ்வு ஒரு கட்சியின் வாழ்வோடு பிணைந்திருந்தது. 1934ஆம் ஆண்டு பெப்ரவரியில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, அரசாங்கத்தின் பீரங்கிகள் கார்ல் மார்க்ஸ் தொகுதியின்மீதே சுட்டன. கட்சி தடைசெய்யப்பட்டது, அதனைச் சார்ந்த சங்கங்களும் கலைக்கப்பட்டன. சுவர்கள் பின்னர் திருத்தப்பட்டன. இன்றும் மக்கள் அவ்வீடுகளில் வாழ்கின்றனர். எனினும் ஒரு கட்சியின் கையிலே முற்றாகத் தங்கியிருக்கும் பொதுவாழ்வு, அக்கட்சி வீழும்போது தானும் வீழும் என்பதற்கு வியன்னா ஒரு சான்றாயிற்று.

இனி, நமக்கு மிக அண்மையிலுள்ளதும், தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்குவதுமான சிங்கப்பூரை நோக்குவோம். இக்காலத்திற் சமூக மன்றங்களை இத்துணைப் பெரிய அளவில் வீடமைப்போடு இணைத்த நாடு வேறொன்று இருக்குமோ என்பது ஐயமே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் சிங்கப்பூரிலே வீட்டுப் பஞ்சம் தாங்கொணாததாயிற்று. நகரின் நடுவே கடைவீடுகளின் மேன்மாடிகள் பலகைகளாற் சிறு சிறு அறைகளாகத் தடுக்கப்பட்டு, காற்றும் ஒளியும் புகாத ஓரறையில் ஒரு முழுக் குடும்பம் வாழ்ந்தது. நகரின் ஓரங்களில் அத்தாப்பு ஓலை வேய்ந்த கம்பங்கள் பெருகின. 1927ஆம் ஆண்டு தொடக்கம் வீடமைப்பைக் கவனித்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை, முப்பத்திரண்டு ஆண்டுகளிற் கட்டிய வீடுகள் ஏறக்குறைய இருபத்துமூவாயிரமே. 1960ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி நிறுவப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ, முதல் ஐந்தாண்டுகளிலேயே ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்தது.

1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் தேதி புக்கிற் ஹோ சுவீ என்னும் கம்பத்திற் பெருந்தீ மூண்டது. நால்வர் மாண்டனர், ஏறக்குறைய பதினாறாயிரம் பேர் வீடிழந்தனர். கழகம் அவர்களுக்காக விரைந்து மாடி வீடுகளைக் கட்டியது. ஓராண்டுக்குள் அவர்களுட் பெரும்பாலோர் புதுக் கூரையின்கீழ் வந்தனர். குழாய் நீர், மின்சாரம், தீப்பற்றாத சுவர் ஆகிய யாவும் கிடைத்தன. இது மகத்தான சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கம்பத்தில் இருந்தவற்றுள் மாடியிற் கிடையாதவையும் சில உண்டு. கம்பத்தார் பொதுக் குழாயடியிற் கூடிப் பேசினர். ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டார். கடைக்காரர் முகமறிந்து கடன் கொடுத்தார். தீ மூண்டால் அணைக்கவென இளைஞர் தாமே காவற்குழு அமைத்தனர். இத்தகைய பரஸ்பர உதவியை மலாய் மக்கள் "கோத்தோங் ரோயோங்" என்பர். மாடி வீட்டிற் கதவை அடைத்தால் அடுத்த வீட்டில் யார் என்பதே தெரியாது. சீனர், மலாயர், தமிழர் எனப் பல மொழியினர் ஒரே மாடியில் அருகருகே வந்தபோது, பேசுவதற்கு ஒரு பொதுமொழிதானும் பலரிடம் இருக்கவில்லை.

இங்கேதான் சமூக மன்றம் தன் பணியைத் தொடங்கியது. போருக்குப் பின்னர் பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்கச் சமூகநலப் பகுதி நடத்திய நிலையங்களே அதற்கு முன்னோடிகள். 1950களிற் சில மன்றங்கள் எழுந்தன. 1960ஆம் ஆண்டு யூலை முதலாந் தேதி மக்கள் கழகம் என்னும் அமைப்புச் சட்டப்படி நிறுவப்பட்டு, இருபதுக்கு மேற்பட்ட மன்றங்களைப் பொறுப்பேற்றது. சில ஆண்டுகளிலே அவற்றின் தொகை நூற்றைத் தாண்டிற்று. மேசைப்பந்து, கூடைப்பந்து, தையல் வகுப்பு, மொழி வகுப்பு, பாலர் வகுப்பு ஆகியன அங்கே நடைபெற்றன. 1963ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தொலைக்காட்சி அறிமுகமானபோது, வீட்டில் அப்பெட்டியை வாங்க இயலாதவர்கள் மாலை தோறும் மன்றத்திற் கூடினர். பெட்டி ஒன்று, பார்ப்போர் பல இனத்தவர். ஒருவர் சிரிக்கும்போது மற்றவரும் சிரித்தனர். அயலுறவு இத்தகைய சிறு நிகழ்ச்சிகளிலிருந்தே முளைக்கின்றது.

இங்கே ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகின்றேன். ஓரறை வீட்டில் ஏழெட்டுப் பேர் வாழுமிடத்துப் பிள்ளை படிப்பதற்கு மூலையும் இல்லை, அமைதியும் இல்லை. பாடசாலை பிற்பகலில் மூடப்படுகிறது. அதன்பின் விளக்கும் மேசையும் உள்ள ஒரு பொதுக் கூடம் நடந்து செல்லும் தூரத்தில் இருப்பின், அப்பிள்ளையின் கல்வி பிழைத்துக்கொள்ளும். சமூக மன்றத்தின் பெறுமதியை விழாக்களின் எண்ணிக்கையாலன்றி, அங்கே மாலையில் விரிக்கப்படும் கொப்பிகளின் எண்ணிக்கையால் அளத்தல் தகும்.

சிங்கப்பூரின் மன்றங்களுக்குப் பெருஞ்சோதனை 1964ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டு யூலையிலும் செத்தெம்பரிலும் மலாயருக்கும் சீனருக்குமிடையே கலவரங்கள் மூண்டன. முப்பத்தாறு பேர் மாண்டனர். தொகுதி தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அயலிலுள்ள பல இனத்துப் பெரியோர் ஒன்றாகத் தெருத்தெருவாய்ச் சென்று வதந்திகளை மறுத்து மக்களை அமைதிப்படுத்தினர். மன்றங்களை நடத்த உள்ளூரவரைக் கொண்ட முகாமைக் குழுக்கள் அமைக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். கலவர நாளிற் கதவைத் தட்டுபவன் அறிந்த முகத்தினனாயின் கதவு திறக்கும், அறியாதவனாயின் திறவாது. அந்த முகப்பழக்கத்தை முன்கூட்டியே உண்டாக்கி வைப்பதுதான் பொதுக் கூடத்தின் தலையாய பயன்.

பின்னர் 1970களிலே வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. மாடித் தொகுதிகளின் நிலத்தளம் வீடின்றித் திறந்த வெளியாக விடப்பட்டது. ஒருநாள் அங்கே மலாயர் திருமணம். மற்றொருநாள் சீனர் மரணச் சடங்கு. ஏனைய நாட்களில் முதியோர் சதுரங்கமாடுவர், பிள்ளைகள் ஓடியாடுவர். 1978ஆம் ஆண்டிற் குடியிருப்போர் குழுக்கள் தோன்றின. 1989ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு தொகுதியிலும் எந்த இனத்தவர் எத்துணை விழுக்காடு வாழலாம் என்பதற்கு எல்லை வகுக்கப்பட்டது. தமிழ் மக்களும் தமது கலை நிகழ்ச்சிகளை மன்றங்களில் நடத்துகின்றனர். மக்கள் கழகத்தின் நற்பணிப் பேரவை அதற்குத் துணைநிற்கிறது. இன்று அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேர் கழகத்தின் வீடுகளிலேயே வாழ்கின்றனர். 2017ஆம் ஆண்டிலே தெம்பனீசிற் திறக்கப்பட்ட பெரு மன்றத்தில் நூல்நிலையம், நீச்சற்குளங்கள், விளையாட்டரங்கு யாவும் ஒரே கூரையின்கீழ் உள்ளன.

ஆனால் வரலாற்றைச் சொல்வோன் மறுபக்கத்தையும் சொல்லுதல் வேண்டும். மக்கள் கழகம் மக்களாலே தோற்றுவிக்கப்பட்டதன்று; அதன் சபைக்குத் தலைவர் பிரதம மந்திரியே. 1961ஆம் ஆண்டில் ஆளுங்கட்சி பிளவுபட்டபோது, அந்தப் பிளவு கழகத்தின் ஊழியர் மத்தியிலும் வேலைநிறுத்தமாக வெடித்தது. மன்றங்கள் அரசாங்கத்தின் கொள்கைகளை மக்களிடம் கொண்டு செல்லும் வாய்க்கால்களாகவும் அமைந்தன. எதிர்க்கட்சியினர் வென்ற தொகுதிகளிலும் அடித்தள அமைப்புகளுக்கு ஆலோசகராக நியமிக்கப்படுபவர் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் அல்லர். இதனைக் குறைகூறுவோர் அந்நாட்டிலேயே உளர். கூடம் சிறப்புடையது, ஆனால் அதன் திறப்பு யாருடைய மடியில் இருக்கிறது என்ற வினா அங்கே இன்னும் தீரவில்லை.

இவ்வினா கொழும்பில் வாழும் நமக்கும் உரியதே. முடுக்குகளிலும் தோட்டங்களிலும் வாழ்ந்த மக்களின் நிலையைத் திருத்தும் முயற்சியில், 1970களின் இறுதி தொடக்கம் அவ்விடங்களிற் சமூக அபிவிருத்திச் சபைகள் அமைக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டிலே தொடங்கிய பத்திலட்சம் வீடுகள் திட்டம், வீட்டைக் கட்டிக் கொடுப்பதற்குப் பதிலாகச் சிறு கடன் கொடுத்து, குடியிருப்போரே தம் வீட்டைக் கட்ட உதவியது. கிணறு, வடிகால், பொதுக் கூடம் போன்ற சிறு வேலைகள் ஒப்பந்தகாரருக்கன்றி அவ்விடத்து மக்கள் சங்கத்துக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டன. தாம் சுமந்த கல்லாலும் தாம் குழைத்த சாந்தாலும் எழுந்த கூடத்தைப் பேணுமாறு ஒருவரும் அவர்களுக்கு உபதேசஞ் செய்ய வேண்டியிருக்கவில்லை. உலகின் வேறு பல நாடுகளும் நோக்கிக் கற்றுக்கொண்ட வழி இதுவாகும்.

2001ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்ட சகஸ்புர தொகுதியில் 671 குடும்பங்களுக்கு இடமுண்டு. அதன்பின் இன்னும் உயரமான பல தொகுதிகள் கொழும்பில் எழுந்துள்ளன. நிலத்தோடு வாழ்ந்த அயல் இப்போது ஆகாயத்தை நோக்கி அடுக்கப்படுகிறது. முன்னர் வாசலில் இருந்தவாறே பிள்ளையைக் கவனித்த தாய், இப்போது எட்டாம் மாடியில் இருந்து எவ்வாறு கவனிப்பாள்? மின்னுயர்த்தி பழுதடைந்தால் யாரிடம் முறையிடுவது, யார் பணஞ் சேர்ப்பது? ஒருவரையொருவர் அறியாத ஆயிரம் பேர் இவற்றைத் தீர்க்க மாட்டார். ஒரு கூடத்திற் கூடியிருந்து பேசிப் பழகிய நூறு பேர் தீர்ப்பர்.

ஆதலின் வீடுகளின் வரைபடம் வரையப்படும் நாளிலேயே கூடத்துக்கும் இடம் வகுத்தல் வேண்டும். எஞ்சிய மூலையைப் பின்னர் ஒதுக்குதல் போதாது. அது பெரிதாக இருக்க வேண்டுமென்பதில்லை. முதியவர் நடந்து வரக்கூடிய அண்மையில் இருந்தாற் போதும். எல்லா இனத்தவரும் எல்லா மதத்தவரும் எக்கட்சியினரும் தயக்கமின்றி நுழையக்கூடியதாக அது விளங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதனை நடத்தும் உரிமையும் பொறுப்பும் அங்கு குடியிருப்போரிடமே இருத்தல் வேண்டும். கட்டுவதற்குப் பணம் அரசாங்கத்தினதாக இருக்கலாம். திறப்பு அயலவரின் கையில் இருக்கட்டும். வொட்லிங்கும் வியன்னாவும் சிங்கப்பூரும் வெவ்வேறு வழிகளில் நமக்குச் சொல்லுவது இதுவே. நமது கிராமத்துச் சனசமூக நிலையம் இதனை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது. மாடி வீடுகளிலும் அந்த அறிவு குடியேறுமாக.